ஆபரேஷனா, காப்பர்-டியா, ஊசியா, மாத்திரையா: உங்கள் வீட்டுக்கு எது சரிப்படும்?

பிரசவ வார்டில் அந்தக் கேள்வி பெரும்பாலும் தவறான நேரத்தில்தான் வரும். வலி எடுத்துப் பத்து மணி நேரம் ஆகியிருக்கும், ஒரு கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும். "ரெண்டாவது தானேம்மா? ஆபரேஷன் பண்ணிடலாமா, காப்பர்-டி வெச்சுடலாமா?" அந்தப் பெண் மாமியாரைப் பார்ப்பாள். மாமியார் கதவுக்கு வெளியே நிற்கும் மகனைப் பார்ப்பார். மகன் தரையைப் பார்ப்பார். யாரோ ஒருத்தர் தலையாட்டுவார். அடுத்த இருபது வருடத்துக்கான முடிவு அந்தத் தலையாட்டலில் முடிந்துவிடும்.

இருபத்திரண்டு வருடம் அப்படிப்பட்ட வார்டுகளில் செவிலியராக வேலை பார்த்தேன். இப்போதும் சொந்தக்காரப் பெண்கள், பழைய பக்கத்து வீட்டுக்காரர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று யாராவது போன் பண்ணிக் கேட்டபடி இருக்கிறார்கள்: "அக்கா, எதுக்கா நல்லது?" அவர்களுக்குச் சொன்னதையெல்லாம் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

கருத்தடை என்றாலே ஆபரேஷன் என்று நம் ஊரில் நினைப்பு படிந்துவிட்டது. 1952-ல் இந்திய அரசு குடும்ப நலத் திட்டத்தைத் தொடங்கியது. அப்புறம் வந்த சிவப்பு முக்கோணச் சின்னமும் "நாம் இருவர், நமக்கு இருவர்" சுவரெழுத்தும் 'போதும், நிறுத்து' என்பதையே சொல்லிச் சொல்லிப் பழக்கிவிட்டன. கருத்தடை என்பதற்கு 'இனி வேண்டாம்' என்று மட்டும் பொருள் இல்லை, 'இப்போது வேண்டாம்' என்றும் பொருள் உண்டு. இரண்டுக்கும் வேறு வேறு வழிகள் இருக்கின்றன. தொண்ணூறு வருடங்களுக்கு முன்பே பெரியார் இதைப் பற்றி எழுதியபோது, மற்றவர்கள் தாயின் உடல்நலத்துக்காகவும் நாட்டின் வறுமைக்காகவும் கர்ப்பத்தடையைக் கேட்கிறார்கள், நாம் பெண்ணின் விடுதலைக்காகக் கேட்கிறோம் என்று பிரித்துச் சொன்னார். எந்த முறையை எடுத்தாலும் தன் உடம்பைப் பற்றி அந்தப் பெண் தெரிந்து முடிவெடுத்தாளா என்பதை நானும் முதலில் பார்ப்பேன்.

முதலில் எதை எதைப் பார்க்க வேண்டும்

இன்னொரு குழந்தை வேண்டுமா? 'இப்போதைக்கு வேண்டாம்', 'நிச்சயமாக வேண்டாம்', 'தெரியவில்லை' மூன்றும் வேறு வேறு பதில்கள். 'தெரியவில்லை' என்று சொல்பவர் நிரந்தர முறைப் பக்கமே போகக் கூடாது.

அடுத்தது, மறதி. ஒரு முறையை அட்சரம் பிசகாமல் செய்தால் கிடைக்கும் பலன் வேறு, நடைமுறை வாழ்க்கையில் கிடைக்கும் பலன் வேறு. தினசரி மாத்திரை புத்தகக் கணக்கில் ஏறக்குறைய தவறவே தவறாது. நிஜத்தில், சாப்பிடும் 100 பெண்களில் சுமார் 7 பேருக்கு ஒரு வருடத்துக்குள் கரு தங்கிவிடுகிறது. காய்ச்சல், கல்யாண வீடு, ஊர்ப் பயணம் என்று மாத்திரை விட்டுப்போக நூறு காரணம் வரும். பல்லைத் துலக்குவது போல மாத்திரை பழகுமா என்று உங்களுக்குத்தான் தெரியும்.

மூன்றாவது, உடம்பு. தாய்ப்பால் கொடுக்கிறீர்களா, ரத்த அழுத்தம் உண்டா, கண்ணில் மின்னல் போலத் தெரிந்து வரும் ஒற்றைத் தலைவலி உண்டா, ரத்தசோகை உண்டா, டிபிக்கோ வலிப்புக்கோ மாத்திரை எடுக்கிறீர்களா? கடைசிக் கேள்வியை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். டிபிக்குக் கொடுக்கும் ரிபாம்பிசினும், வலிப்புக்கான சில மாத்திரைகளும் கருத்தடை மாத்திரையின் வேலையைக் கெடுத்துவிடும்.

நான்காவது, செலவு. அரசு மருத்துவமனையில் இவை பெரும்பாலும் இலவசம்தான். நான் சொல்வது வேறு செலவு: எத்தனை நாள் படுக்க வேண்டும், யார் தண்ணீர் தூக்குவார்கள், கைக்குழந்தையை யார் பார்ப்பார்கள், எத்தனை மாதம் ரத்தப்போக்குக்குத் துணி மாற்ற வேண்டும்.

ஐந்தாவதைத்தான் யாரும் கேட்பதில்லை. இதை யாருடைய உடம்பு சுமக்கப் போகிறது?

| முறை | ஒரு வருடத்தில் 100 பேரில் கரு தங்குவது | எவ்வளவு காலம் | நிறுத்திய பின் கரு | தாய்ப்பால் தருபவருக்கு |
|---|---|---|---|---|
| ஆண் கருத்தடை (தழும்பில்லாத முறை) | 1-க்கும் குறைவு (சுமார் 0.15) | நிரந்தரம் | மீட்பது கடினம் | தடை இல்லை |
| பெண் கருத்தடை ஆபரேஷன் | 1-க்கும் குறைவு (சுமார் 0.5) | நிரந்தரம் | மீட்பது கடினம் | தடை இல்லை |
| காப்பர்-டி | 1-க்கும் குறைவு (சுமார் 0.8) | வகையைப் பொறுத்து 5 அல்லது 10 ஆண்டு | எடுத்தவுடன் | தடை இல்லை |
| அந்தரா ஊசி | சுமார் 4 | 3 மாதத்துக்கு ஒன்று | 7–10 மாதம் தாமதம் ஆகலாம் | பிரசவம் ஆகி 6 வாரத்துக்குப் பின் |
| தினசரி மாத்திரை (மாலா) | சுமார் 7 | தினமும் | விரைவில் | முதல் 6 மாதம் வேண்டாம் |
| ஆணுறை | சுமார் 13 | ஒவ்வொரு முறையும் | உடனே | தடை இல்லை |
| 'வெளியே எடுப்பது' | சுமார் 20 | ஒவ்வொரு முறையும் | உடனே | தடை இல்லை |

எந்தத் தடையும் இல்லாவிட்டால் 100 பேரில் 85 பேருக்கு ஒரு வருடத்துக்குள் கரு தங்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே உள்ள எண்களைப் படியுங்கள். அரைகுறையாகச் செய்த முறைகூட ஒன்றும் செய்யாததைவிட எவ்வளவோ மேல்.

காப்பர்-டி: 'தெரியவில்லை' என்பவர்களுக்கு என் முதல் பதில்

உள்ளங்கையில் வைத்தால் தீக்குச்சி நீளம்கூட வராத பிளாஸ்டிக் துண்டு. அதில் செம்புக் கம்பி சுற்றியிருக்கும், அடியில் மெல்லிய நூல் தொங்கும். செம்பு விந்தணுவைச் செயலிழக்கச் செய்கிறது. ஹார்மோன் எதுவும் இல்லை. 380ஏ வகை 10 வருடம், 375 வகை 5 வருடம். பிரசவமான 48 மணி நேரத்துக்குள் வைத்துவிடலாம், இல்லாவிட்டால் ஆறு வாரம் கழித்து வைக்கலாம். வேண்டாம் என்றால் சில நிமிடத்தில் எடுத்துவிடலாம்.

மறைந்திருக்கும் செலவு ரத்தம். ஆரம்பத்தில் மூன்று முதல் ஆறு மாதம்வரை தீட்டு அதிகமாகப் போகும், அடிவயிறு பிடித்து இழுக்கும். தமிழ்நாட்டில் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை இருப்பதால் இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஹீமோகுளோபின் பார்த்துவிட்டு வையுங்கள், இரும்புச் சத்து மாத்திரையை விடாதீர்கள். ஏற்கெனவே தீட்டு அளவுக்கு மீறிப் போகிறவர்களுக்குக் காப்பர்-டி வேண்டாம். அவர்களுக்கு ஹார்மோன் சுரக்கும் வளையம் என்று ஒன்று உண்டு. அது தீட்டையே குறைத்துவிடும், ஆனால் தனியாரில் ஆயிரக்கணக்கில் செலவாகும்.

பிரசவத்தோடு வைத்தது சிலருக்குத் தானாக நழுவி வெளியே வந்துவிடும். அதனால் ஆறாவது வாரச் செக்கப்பை விடவே கூடாது. பிறகும் தீட்டு முடிந்ததும் நூல் தட்டுப்படுகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. "நெஞ்சுக்கு ஏறிடுமாமே சிஸ்டர்?" என்று என்னிடம் கேட்காத ஊரே இல்லை. கர்ப்பப்பைக்கும் நெஞ்சுக்கும் வழி கிடையாது. வைக்கும்போது கர்ப்பப்பைச் சுவரைத் துளைத்துவிடுவது மிக அரிதாக நடக்கும். பழகிய கையால் வைத்தால் அந்த ஆபத்து இன்னும் குறையும்.

என் மனதை விட்டுப் போகாத ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரசவமாகி ஒன்றரை வருடம் கழித்து, அதிகமாகத் தீட்டுப் போகிறது என்று வந்தார். ஸ்கேனில் காப்பர்-டி தெரிந்தது. "இது எப்ப வெச்சாங்க?" என்று எங்களையே திருப்பிக் கேட்டார். முன்பு பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரியில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள், விளக்கிச் சொல்லவில்லை. காப்பர்-டி நல்ல முறை என்று முழுதாக நம்புகிறவள் நான். அதனாலேயே சொல்லாமல் வைப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அப்படி வைக்கப்பட்ட ஒருத்தி, தெருவில் பத்துப் பேரைப் பயமுறுத்திவிடுவாள். அவளைக் குறை சொல்லவும் முடியாது. டிஸ்சார்ஜ் ஆகும்போது "எனக்கு உள்ளே ஏதாவது வெச்சிருக்கீங்களா?" என்று கேளுங்கள். வைத்திருந்தால் வகையையும் தேதியையும் அட்டையில் எழுதி வாங்குங்கள்.

அந்தரா ஊசி

மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி. அரசுத் திட்டத்தில் 2017-ல் வந்தது. தினமும் நினைவு வைக்க வேண்டியதில்லை, டிபி மாத்திரை இதன் வேலையைக் கெடுப்பதில்லை, வீட்டில் மாத்திரை அட்டையோ வேறு தடயமோ இருக்காது. புருஷன் ஒத்துக்கொள்ளாமல் வருடா வருடம் பிரசவத்துக்கு வந்துகொண்டிருந்த பெண்களுக்கு இந்தக் கடைசிக் குணம் எவ்வளவு பெரிய ஆறுதல் என்று கண்ணால் பார்த்திருக்கிறேன்.

முதலில் சொட்டுச் சொட்டாகத் தீட்டுப் படும், அப்புறம் சிலருக்கு நின்றே போகும். "கெட்ட ரத்தம் உள்ளேயே தங்கிடுதே" என்று பயப்பட வேண்டாம். அப்படி எதுவும் தேங்குவதில்லை. கர்ப்பப்பைச் சவ்வு தடிப்பதே இல்லை, அதனால் உதிர்வதற்கு ஒன்றும் இருக்காது. சிலருக்கு எடை கூடும். அடுத்த வருடமே குழந்தை வேண்டும் என்பவர்கள் இதை எடுக்க வேண்டாம், நிறுத்தியபின் கரு தங்க மாதக்கணக்கில் ஆகலாம்.

மாத்திரைகள்: சாயா, மாலா

சாயா நம் நாட்டிலேயே, லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் கண்டுபிடித்த மாத்திரை. 1991-ல் சஹேலி என்ற பெயரில் கடைக்கு வந்தது, இப்போது சாயா என்று அரசு இலவசமாகத் தருகிறது. ஹார்மோன் இல்லை, தாய்ப்பால் கொடுக்கும்போதும் சாப்பிடலாம். தீட்டான முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்று ஒன்று, புதன்கிழமை ஒன்று, இப்படி வாரம் இரண்டாக மூன்று மாதம். அதன்பின் ஞாயிறு மட்டும், வாரம் ஒன்று. வீட்டுத் தினசரிக் காலண்டரில் மூன்று மாதத்துக்கும் வட்டம் போட்டுவிடுங்கள், பலரும் கோட்டைவிடுவது அந்த மாறும் இடத்தில்தான். தீட்டு சில நாள் தள்ளிப்போகலாம். பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) உள்ளவர்களுக்கும், அண்மையில் மஞ்சள் காமாலை வந்தவர்களுக்கும் இது ஆகாது.

மாலா-என் அரசு தரும் இலவச அட்டை, மாலா-டி விலை கொடுத்து வாங்குவது, உள்ளே இருப்பது ஒன்றுதான். 21 ஹார்மோன் மாத்திரை, 7 இரும்புச் சத்து மாத்திரை. தீட்டு ஒழுங்காக வரும், வலி குறையும். 35 வயதைத் தாண்டிப் புகைப்பவர்கள், ரத்த அழுத்தம் உள்ளவர்கள், காலில் ரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்கள், மேலே சொன்ன மின்னல் தலைவலிக்காரர்கள் இதைத் தொடக் கூடாது. புதிதாகக் கல்யாணமாகி, ஒரு வருடம் தள்ளிப்போட நினைக்கும் ஆரோக்கியமான பெண்ணுக்கு நல்ல தேர்வு.

ஆணுறை

பால்வினை நோயையும் எச்ஐவியையும் சேர்த்துத் தடுப்பது இது ஒன்றுதான். நிரோத் 1968-லிருந்தே இருக்கிறது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 100-க்கு 13 என்பது பெரும்பாலும் போடாத நாட்களின் கணக்கு. ஒழுங்காக ஒவ்வொரு முறையும் போட்டால் 2 ஆகக் குறையும். கிழிவதற்கு நம் வீடுகளில் ஒரு தனிக் காரணம் உண்டு, தேங்காய் எண்ணெய். எண்ணெய் பட்டால் ரப்பர் இற்றுவிடும். பைக் சீட்டுக்கு அடியில் வெயிலில் கிடந்ததையும் நம்ப வேண்டாம்.

இவை வழக்கமான முறைகள் அல்ல, ஆனாலும் சொல்லியாக வேண்டும்

"பால் கொடுக்கிறேன், அதனால தங்காது" என்பது மூன்று விஷயம் சேர்ந்தால் மட்டும் உண்மை: குழந்தைக்கு ஆறு மாதம் ஆகவில்லை, தாய்ப்பால் தவிர ஒன்றும் கொடுக்கவில்லை, தீட்டு இன்னும் வரவில்லை. ஒன்று தவறினாலும் அந்தப் பாதுகாப்பு போய்விட்டது.

தவறிய மறுநாள் சாப்பிடும் அவசர மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. சீட்டு இல்லாமலே விற்கலாம் என்பது நாட்டுச் சட்டம். ஆனால் தமிழ்நாட்டு மருந்துக் கடைகள் பலவற்றில் கேட்டால் "இல்லை" என்ற பதில்தான் வரும், கூடவே ஒரு பார்வையும். கிடைக்காவிட்டால் சோர்ந்துவிடாதீர்கள். ஐந்து நாளுக்குள் காப்பர்-டி வைத்துக்கொண்டால் அது மாத்திரையைவிடவும் நன்றாகத் தடுக்கும். எல்லாம் மீறிக் கரு தங்கிவிட்டால், கருத்தடை தோற்றுப்போனதையே காரணமாகச் சொல்லி 20 வாரம் வரை சட்டப்படி கருக்கலைப்பு கேட்கலாம். கருக்கலைப்புச் சட்டத்தில் 2021-ல் வந்த திருத்தத்துக்குப் பின் கல்யாணமாகாத பெண்ணுக்கும் அது பொருந்தும். கடையில் மாத்திரை வாங்கித் தானாகச் சாப்பிட்டுவிட்டு ரத்தம் ஓட ஓட வந்தவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

பெண் ஆபரேஷனா, ஆண் ஆபரேஷனா?

இந்தியாவில் 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுவரை உள்ள திருமணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் தாங்களே ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கணவன் செய்துகொண்ட வீடுகள் 0.3 சதவீதம். தமிழ்நாட்டில் பெண்கள் பங்கு பாதிக்கும் மேல்.

இத்தனைக்கும் ஒப்பிட்டால் எது எளிது? பெண்ணுக்கு வயிற்றைத் திறக்க வேண்டும், சிறு துளையாக இருந்தாலும் அது வயிற்றுக்குள் போகும் வேலை. மயக்க மருந்து வேண்டும். அரிதாகத் தோற்றுப்போனால் கரு குழாயிலேயே தங்கிவிடும் ஆபத்து உண்டு, அது உயிருக்கே உலை வைக்கும். ஆபரேஷன் ஆனவர்களுக்கு நாள் தள்ளிப்போனால் அலட்சியம் செய்யாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஆணுக்கு, சீனாவில் லீ ஷுன்சியாங் என்ற மருத்துவர் 1974-ல் உருவாக்கிய தழும்பில்லாத முறை இன்று எல்லா இடத்திலும் இருக்கிறது. அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, ஒரு சிறு துளை வழியாகக் குழாயை வெளியே எடுத்துத் துண்டிப்பார்கள். தையல் இல்லை. பதினைந்து, இருபது நிமிடம். அன்றே வீட்டுக்குப் போகலாம், இரண்டு நாள் ஓய்வு, ஒரு வாரம் பாரம் தூக்கவோ சைக்கிள் மிதிக்கவோ வேண்டாம். அரசு தரும் ஊக்கத்தொகையும் பெண்ணுக்குத் தருவதைவிட ஆணுக்கு அதிகம். ஒரே ஒரு கண்டிப்பு: மூன்று மாதம் ஆணுறை கட்டாயம், அதன்பின் விந்துப் பரிசோதனை. குழாயில் ஏற்கெனவே நிற்கும் விந்தணு தீர அவ்வளவு நாளாகும். "ஆபரேஷன் பண்ணியும் தங்கிடுச்சு" என்ற கதைகளுக்கும், அதையடுத்து அந்தப் பெண் மேல் விழுந்த சந்தேகத்துக்கும் பெரும்பாலும் இந்த மூன்று மாதம்தான் காரணம். தயவுசெய்து பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள்.

"தெம்பு போயிடும்" என்பது வெறும் பயம். ஆண்மைக்கான ஹார்மோன் ரத்தத்தில் கலந்து போகிறது, அந்தக் குழாய் வழியாகப் போவதில்லை. விந்தில் விந்தணுவின் பங்கு மிகச் சொற்பம் என்பதால் வெளிவருவதிலும் வித்தியாசம் தெரியாது.

ஆண்கள் எப்போதுமே இப்படி ஒதுங்கி நின்றவர்கள் இல்லை. 1971-ல் பக்கத்து எர்ணாகுளத்தில் ஒரே முகாமில் 60,000-க்கும் மேற்பட்ட ஆண்கள் செய்துகொண்டார்கள். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-ல், சுமார் 62 லட்சம் ஆண்களுக்கு நடந்தது. பலரைப் பிடித்து இழுத்துப்போய்ச் செய்தார்கள். அந்தக் கோபமும் பயமும் ஒரு தலைமுறையோடு நிற்கவில்லை, பாரம் மொத்தமும் பெண்கள் பக்கம் சாய்ந்தது.

ஒரு லாரி டிரைவர் நினைவுக்கு வருகிறார். மனைவிக்கு இதய வால்வில் கோளாறு, மயக்க மருந்து கொடுக்கவே டாக்டர்கள் தயங்கினார்கள். "அப்ப எனக்குப் பண்ணுங்க" என்று வந்து நின்றார். உள்ளே போனவர் அரை மணி நேரத்தில் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். கைக்குழந்தையோடு ஓடி வந்த மனைவி "அவ்வளவுதானா?" என்று இரண்டு முறை கேட்டார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து அழுதார்.

சரி, பெண் ஆபரேஷன் எப்போது மேல்? ஏற்கெனவே சிசேரியன் நடக்கிறது, குழந்தை போதும் என்று முன்பே முடிவாகியிருக்கிறது என்றால், அதே மயக்கத்தில் அதே வெட்டில் முடித்துக்கொள்வது நியாயம். கணவர் மேல் நம்பிக்கை வைக்க முடியாத வாழ்க்கை என்றாலும் அதுதான் சரி. சுகப்பிரசவம் ஆனவர்கள் வீட்டில், குழந்தை போதும் என்றால், முதலில் கணவரைத்தான் கேட்பேன்.

இரண்டுமே திரும்பாத பாதை என்று எண்ணிச் செய்யுங்கள். 2004 சுனாமியில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்களுக்குக் குழாயைத் திரும்ப இணைக்கும் அறுவை சிகிச்சையைத் தமிழக அரசு இலவசமாகச் செய்து கொடுத்தது. எல்லோருக்கும் மறுபடி குழந்தை கிடைத்துவிடவில்லை. 24, 25 வயதில் இரண்டு பெற்றுவிட்ட பெண்ணுக்கு, கைக்குழந்தை ஓரளவு வளரும்வரை காப்பர்-டி வைத்துவிட்டுப் பிறகு யோசிக்கலாமே என்று நான் சொல்வது இதனால்தான்.

எப்போது பேசுவது

ஏழாவது மாதச் செக்கப்புக்குக் கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கேயே நர்ஸிடம் கேட்டு, எடுத்த முடிவைத் தாய்-சேய் அட்டையில் எழுத வையுங்கள். பிறகு மனம் மாறினால் மாற்றிக்கொள்ளலாம், வலியில் படுத்திருக்கும்போது கேட்டாலும் "அட்டையில் இருக்கு" என்று சொல்லிவிடலாம். ஆபரேஷனுக்குக் கணவரின் கையெழுத்து கட்டாயம் என்று சில இடங்களில் சொல்வார்கள். அரசு வழிகாட்டுதல்படி செய்துகொள்பவரின் சம்மதம் மட்டும் போதும்.

ஆபரேஷன் செய்துகொண்டால் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். தோற்றுப்போனால் அரசு இழப்பீடு உண்டு, அதற்கு அந்தக் காகிதம் வேண்டும், விண்ணப்பிக்கக் காலக்கெடுவும் உண்டு. ரேஷன் கார்டு இருக்கும் அதே பீரோ அறையில் வைத்துவிடுங்கள்.